அம்மாவுக்குப் பதிலாக மகள் கையெழுத்துப் போடலாமா?

முற்றிய பித்தநாளப் புற்றுநோயுடன் போராடும் தாயாரைப் புதிய மருந்துக்கான ஆய்வில் சேர்ப்பது பற்றி ஒரு மகள் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

தாயாருக்கு வயது 58. பத்து மாதங்களுக்கு முன் கல்லீரலுக்குள் ஓடும் பித்தநாளத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போதே நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின், டுர்வாலுமாப் ஆகிய மூன்றும் சேர்ந்த சிகிச்சையில் சில மாதங்கள் அடங்கியிருந்த கட்டி, சென்ற மாத ஸ்கேனில் வளர்ந்திருக்கிறது. நடுவில் ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து, அடைபட்ட நாளத்தைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்திருக்கிறார்கள். மருத்துவர் இப்போது இரண்டு வழிகளைச் சொல்கிறார்: ஒன்று, ஃபோல்ஃபாக்ஸ் என்னும் கீமோதெரபி, மற்றொன்று, அதே ஃபோல்ஃபாக்ஸுடன் புதிய மாத்திரை ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் இரண்டாம் கட்ட ஆய்வு. ஆய்வில் சேருபவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும் மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்பதைக் கணினி தீர்மானிக்கும். முடிவு சொல்ல இரண்டு வாரம் அவகாசம்.

வீட்டிலோ ஒருமித்த கருத்து இல்லை. "அம்மாவைச் சோதனை எலியாக்க விடமாட்டேன்" என்கிறார் அண்ணன். "இருக்கிற மருந்தையெல்லாம் முதலில் கொடுத்துப் பார்ப்போம், ஆய்வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்" என்கிறார் சித்தப்பா. பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் என்றால் அம்மா சிகிச்சையே இல்லாமல் கிடப்பாரோ என்று மகள் அஞ்சுகிறார். சேர்ந்த பிறகு பிடிக்காவிட்டால் விலக விடுவார்களா என்ற கவலையும் அவருக்கு உண்டு. ஒரு மாதமாக அம்மாவுக்கு மூலிகைச் சூரணம் கொடுத்துவருவதை மருத்துவரிடம் சொல்லவில்லை. கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு இது புற்றுநோய் என்று தெரியாது. ஈரலில் கட்டி, மருந்தில் கரைந்துவிடும் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அவருக்குப் பதிலாக ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் ஒரே வரியில் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதைப் பொறுத்துத்தான் அமையும். போட முடியாது. உங்கள் அம்மா தெளிந்த அறிவோடு இருக்கிறார். பேசுகிறார், கணக்குப் பார்க்கிறார், மருந்து நேரத்தை அவரே நினைவில் வைத்துக்கொள்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவரை, விஷயத்தை முழுமையாக அவரிடம் எடுத்துச் சொல்லி, அவராக மனமுவந்து சம்மதித்தால் ஒழிய எந்த ஆய்விலும் சேர்க்கக்கூடாது என்பது, உலக மருத்துவச் சங்கம் 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் வெளியிட்டு, கடைசியாக 2024இல் திருத்திய பிரகடனத்தின் உயிர்நாடி. உறவினர் சம்மதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அது, தாமே முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவர்களுக்கு மட்டும், அதுவும் கடுமையான நிபந்தனைகளோடு. மகளின் அன்பு எவ்வளவு பெரிதானாலும் அந்த இடத்தில் அது செல்லாது.

விதியை ஒதுக்கி வைத்துவிட்டு நடைமுறையைப் பார்த்தாலும் இது நடக்காத காரியம். ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நோயின் பெயர் இருக்கும். ஒவ்வொரு வருகையிலும் ஆய்வுச் செவிலியர் அம்மாவிடம் நேராகக் கேட்பார். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், குமட்டல் எத்தனை நாள் இருந்தது என்பதையெல்லாம் அவரே ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டியிருக்கும். ஸ்டென்ட், ஸ்கேன், மாதக்கணக்கில் ஊசி, உதிர்ந்துபோன முடி என்று இத்தனையையும் தம் உடம்பிலேயே பார்த்துவிட்ட ஒருவரிடம் இன்னமும் "கட்டி கரைந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டிருப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் வெளியே போன ஒரு பொழுதில், போர்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "வாசலில் நின்று அழுகிறார்கள், உள்ளே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். எனக்குத் தெரியும் டாக்டர். எனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம், தாங்கமாட்டார்கள்." ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் உங்கள் ஊகம்தானே. அவரிடம் எப்படிப் பேசத் தொடங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய விவரங்களைப் பார்த்துவிடுவோம்.

அண்ணனின் அச்சம்

அண்ணனை அறியாதவர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சம்மதம் கேட்காமல், சொல்ல வேண்டியதை மறைத்து மனிதர்கள் மீது சோதனைகள் நடத்தப்பட்ட காலம் உண்மையாகவே இருந்தது. ஹெல்சிங்கி பிரகடனமும், ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தையும் முன்கூட்டியே படித்து அனுமதிக்கிற அல்லது நிராகரிக்கிற நெறிமுறைக் குழுவும், ஆய்வு நடக்கும்போதே பக்கவிளைவுகளை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் நடுவில் நிறுத்தச் சொல்லும் தனிக் கண்காணிப்புக் குழுவும் அந்தக் காயங்களிலிருந்து பிறந்தவை. "இந்த ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது, பொதுப் பதிவேட்டில் இதன் எண் என்ன?" என்று அண்ணனே மருத்துவரிடம் கேட்கட்டும். ஒழுங்காக நடக்கும் ஆய்வு என்றால் விடை அப்போதே கிடைக்கும். விடை மழுப்பலாக வந்தால் அவருடைய சந்தேகம் நியாயமானது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு இதுவரை கொடுத்த மருந்துகள் ஆய்வில் சேர்ந்த மனிதர்களால் கிடைத்தவை. ஜெம்சிடபினோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்தால் ஆயுள் நீள்கிறது என்பது, 410 பேர் பங்கேற்று 2010இல் வெளியான ஏபிசி-02 ஆய்வில் உறுதியானது. அதன் மேல் டுர்வாலுமாபைச் சேர்க்கலாம் என்பதை 685 பேர் பங்கேற்ற டோபாஸ்-1 ஆய்வு 2022இல் காட்டியது: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் அந்த மருந்து பெற்ற பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர், பெறாத பிரிவில் ஏறத்தாழ 10 பேர்.

இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறேன், சகோதரி. கடிதத்தில் நீங்கள் "புதிய, இன்னும் நல்ல மருந்து" என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். புதியது என்பது வரை சரி. நல்லதா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வுக்கே அவசியமில்லை. இதே நோயில் நடந்ததைப் பாருங்கள். வழக்கமான இரண்டு மருந்துகளோடு நாப்-பாக்ளிடாக்சல் என்னும் மூன்றாவதைச் சேர்த்தபோது, 60 பேரை மட்டும் கொண்ட முதல் ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் வாழ்ந்து கடந்த காலம், 19 மாதங்களைத் தாண்டியது. எங்களைப் போன்ற மருத்துவர்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு 441 பேரைக் கொண்டு, ஒரு பிரிவை இன்னொன்றோடு ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வில் அந்த மேன்மை உறுதிப்படவில்லை. இரத்த அணுக்கள் குறைவது போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ஜெம்சிடபினைத் திருத்தி உருவாக்கிய இன்னொரு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு, பழைய மருந்தை அது வெல்லப் போவதில்லை என்று இடைக்கணக்கில் தெரிந்ததால் 2022இல் நிறுத்தப்பட்டது. ஆய்வு என்பது ஒரு கேள்வி. அம்மாவுக்கு அதனால் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், தீங்கும் நேரலாம். இந்த மூன்றும் தெரிந்து "சரி" என்று சொல்பவரின் சம்மதமே சம்மதம்.

மருந்தில்லாத மாத்திரை

இந்தக் கவலையை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். நீங்கள் எழுதியிருக்கும் ஆய்வில் இரண்டு பிரிவினருக்குமே ஃபோல்ஃபாக்ஸ் உண்டு. மருந்தில்லாத மாத்திரை யாருக்கு விழுகிறதோ, அவருக்கும் ஆய்வுக்கு வெளியே கிடைத்திருக்கக்கூடிய அதே கீமோதெரபி கிடைக்கும். டோபாஸ்-1 ஆய்விலும் அப்படித்தான். டுர்வாலுமாப் பெறாதவர்கள் ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் பெற்றார்கள்.

புற்றுநோய் ஆய்வுகளில் வெறும் மாத்திரையை மட்டும் தருவது மிக அரிது. அப்படித் தந்தால் அதற்கான காரணத்தையும் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். ஐடிஎச்1 மரபணு மாற்றம் உள்ள பித்தநாளப் புற்றுநோயில் ஐவோசிடெனிப் என்னும் மாத்திரையை ஆராய்ந்தபோது மூவரில் இருவருக்கு மருந்தும் ஒருவருக்கு வெறும் மாத்திரையும் தந்தார்கள். ஆனால் நோய் வளர்ந்தது ஸ்கேனில் தெரிந்ததும் வெறும் மாத்திரை பெற்றவர்கள் மருந்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள், அவர்களில் பத்தில் ஏழு பேர் அப்படி மாறவும் செய்தார்கள். உங்கள் அம்மாவுக்கான ஆய்வில் இந்த மாற்றம் உண்டா என்று கேளுங்கள். "நோய் வளர்ந்தால் அம்மாவுக்கு எந்த மாத்திரை கொடுத்தீர்கள் என்று சொல்வீர்களா, புதிய மருந்தைப் பிறகு தருவீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

திசு போதவில்லை என்ற அறிக்கை

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த வரி. முதல் பயாப்ஸியில், அதாவது கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டுத் திசுவில், செய்யச் சொல்லி அனுப்பிய மரபணுச் சோதனை, திசு போதவில்லை என்று திரும்பி வந்ததாகவும் அதன்பிறகு அதை யாரும் தொடரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பித்தநாளத்திலிருந்து கிடைக்கும் திசு பெரும்பாலும் மிகச் சிறியதாக இருப்பதால் இப்படி ஆவது வழக்கம்தான். யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் கையெழுத்துக்கு முன் இதை முடிக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துங்கள்.

காரணம் சொல்கிறேன். கல்லீரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்றுநோயில் நூற்றுக்குப் 10 முதல் 15 பேருக்கு எஃப்ஜிஎஃப்ஆர்2 என்னும் மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு கட்டியை வளர்க்கிறது. அந்த ஒட்டல் தரும் தூண்டுதலைத் தடுக்கும் பெமிகாடினிப் என்னும் மாத்திரை 2020இல் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில் இந்த மாற்றம் இருந்த 107 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஃபுடிபாடினிப் அதே வழியில் வந்த இன்னொரு மாத்திரை. ஐடிஎச்1 மாற்றத்துக்கு ஐவோசிடெனிப் இருக்கிறது. ஹெர்2 என்னும் புரதம் மிகுந்திருந்தால் சனிடாடமாப், பிஆர்ஏஎஃப் என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிபும் டிராமெடினிபும் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அம்மாவின் கட்டியில் இவற்றில் ஒன்று இருக்குமானால், எல்லோருக்கும் பொதுவான ஃபோல்ஃபாக்ஸுக்கும் பலன் தெரியாத மாத்திரைக்கும் முன்னால் அந்த மாற்றத்தையே குறிவைக்கும் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த மருந்து நேரடியாகக் கிடைக்காத நிலையில், அதே மாற்றத்தைக் குறிவைக்கும் வேறொரு ஆய்வில் இடம் இருக்கலாம். இதில் வரிசையும் முக்கியம்: எஃப்ஜிஎஃப்ஆர் மருந்து ஒன்றை ஏற்கெனவே எடுத்தவர்களைச் சேர்க்காத ஆய்வுகள் உண்டு, எடுத்து அது பலனிழந்தவர்களை மட்டுமே சேர்க்கும் ஆய்வுகளும் உண்டு.

மீண்டும் ஊசி போட்டுத் திசு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், கட்டியிலிருந்து இரத்தத்தில் கசியும் மரபணுத் துணுக்குகளைத் தேடும் இரத்தப் பரிசோதனை உண்டு. எஃப்ஜிஎஃப்ஆர்2 போன்ற ஒட்டல்களை அது சில சமயம் தவறவிட்டுவிடும் என்பதால், "இரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்ற முடிவை இறுதியானது என்று கொள்ள வேண்டாம். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க அம்மாவின் உடல்நிலை இடம் கொடுக்குமா என்பதை அவரைக் கண்ணால் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். காத்திருக்க முடியாது, ஃபோல்ஃபாக்ஸை இப்போதே தொடங்க வேண்டும் என்று அவர் சொன்னால், அதை அவசரப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது

சித்தப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் ஆய்வுகளின் கதவு கடைசியில் திறப்பதில்லை, கடைசியில் மூடுகிறது. எழுந்து நடமாடி, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருப்பவர்களையே பெரும்பாலான ஆய்வுகள் ஏற்கின்றன. பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிக்க நேர்ந்துவிட்டால் அநேகமாக எல்லாக் கதவுகளும் சாத்திவிடும். பித்தம் அடைபட்டால் இரத்தத்தில் ஏறும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தாலும் இடமில்லை. ஒரு சிகிச்சைக்கும் அடுத்ததற்கும் இடையே சில வாரங்கள் இடைவெளி விட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இதற்கு முன் எத்தனை வகைச் சிகிச்சைகள் பெற்றிருக்கலாம் என்பதற்கே சில ஆய்வுகள் வரம்பு வைத்திருக்கும்.

ஆகவே ஸ்டென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவுக்கு வைத்தது பிளாஸ்டிக்கா உலோகமா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குழாய் பெரும்பாலும் மூன்று மாத அளவில் அடைபடத் தொடங்கும், உலோகம் கூடுதல் காலம் தாங்கும். ஆய்வோ வழக்கமான சிகிச்சையோ, எந்த வழியில் போனாலும் அம்மாவுக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், சிறுநீர் கருத்தால், கண் மஞ்சளானால் மறுநாள் காலை வரை பொறுக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடைபட்ட பித்தநாளத்தில் தொற்று ஏறினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். இந்த நோயில் கட்டியைவிட இந்த அடைப்பு முந்திக்கொண்டு ஆளைச் சாய்த்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றுக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டதும் ஆய்வில் சேர்ந்துவிட்டதாக ஆகாது. அதன்பிறகுதான் தகுதிப் பரிசோதனைகள் தொடங்கும். ஏதோ ஓர் எண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம். அப்படி நடந்தால் அதை அம்மாவின் நோயைப் பற்றிய தீர்ப்பாகப் படித்து மனம் உடையாதீர்கள்.

ஆய்வு கேட்கும் விலை

இங்கே நான் சொல்வது பணத்தை அல்ல. பரிசோதனைச் செலவும், ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்பது படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், படித்துப் பாருங்கள். நான் சொல்லவருவது நாட்களை. கூடுதல் இரத்தப் பரிசோதனை, கூடுதல் ஸ்கேன், சில சமயம் மறுபடியும் பயாப்ஸி, மருத்துவமனைக்குக் கூடுதல் பயணங்கள் என்று ஆய்வு நிறையவே கேட்கும்.

என்னிடம் வந்த ஒரு நோயாளி, ஒப்புதல் படிவத்தை விரலால் வரிவரியாகத் தடவிப் படித்துவிட்டு, மேசையில் இருந்த நாட்காட்டியைக் கேட்டு வாங்கினார். முதல் இரண்டு மாதங்களில் மருத்துவமனைக்கு வர வேண்டிய நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டார். எண்ணிப் பார்த்தார். பிறகு வட்டமிடாத நாட்களை எண்ணினார். "இவ்வளவு நாள் எனக்கு மிஞ்சுகிறது, போதும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே வேறொருவர் அதே நாட்காட்டியைப் பார்த்து, போதாது என்று சொல்லி எழுந்து போனார். இரண்டு பேரும் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் அம்மாவிடமும் ஒரு நாட்காட்டியைக் கொடுங்கள்.

பக்கவிளைவுகளில், புதிய மாத்திரையினுடையதை முதல் கட்ட ஆய்வின் அனுபவத்திலிருந்து படிவம் பட்டியலிடும். ஃபோல்ஃபாக்ஸினுடையது நமக்குத் தெரியும். அதில் உள்ள ஆக்சாலிபிளாட்டின் விரல்களில் மரமரப்பை உண்டாக்கும், குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுரீரென்று குத்தும். அம்மா ஏற்கெனவே பெற்ற சிஸ்பிளாட்டினும் நரம்பைப் பாதிக்கும் மருந்துதான். ஆகவே கொக்கி மாட்ட முடிகிறதா, கையில் பிடித்த தம்ளர் நழுவுகிறதா என்று இப்போதே கவனித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண விஷயம் என்று அம்மா சொல்லாமல் விட்டிருக்கக்கூடும்.

சூரணத்தை நாளைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும்; சில, மற்ற மருந்துகள் உடலில் சிதையும் வேகத்தை மாற்றிவிடும். ஆய்வின் நடுவில் அம்மாவின் கல்லீரல் எண்கள் ஏறினால், அது நோயாலா, மாத்திரையாலா, ஸ்டென்ட் அடைபட்டதாலா, சூரணத்தாலா என்று தெரியாமல் தேவையான மருந்தை நிறுத்திவிடும் நிலை வரலாம்.

விலகும் உரிமை

எந்த நாளிலும், எந்தக் காரணமும் சொல்லாமல், அம்மா ஆய்விலிருந்து விலகலாம். அதற்காக அவருக்குரிய வழக்கமான சிகிச்சையையோ அக்கறையையோ குறைக்கக்கூடாது. இதைப் படிவத்திலேயே எழுதியிருப்பார்கள். ஒரு கவனம் மட்டும் தேவை: மாத்திரையை வீட்டிலேயே சட்டென்று நிறுத்திவிட்டு, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், சொல்லிவிட்டு விலகுங்கள். சில மருந்துகளை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் உடலைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். அதேபோல ஆய்வை நடத்துபவர்களும், தீங்கு மிகுந்தாலோ நோய் வளர்ந்தாலோ அம்மாவை விலக்கலாம். ஆய்வு முடிந்த பிறகு, பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னால்

ஆய்வில் சேராவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மா கேட்பார். இதற்கு எண்களோடு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. எண்களைப் பார்க்க இப்போது மனம் இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். முதல் சிகிச்சை பலனிழந்த 162 பேரிடம், ஃபோல்ஃபாக்ஸும், வலி முதலிய தொல்லைகளைக் குறைக்கும் துயர்தணிப்புச் சிகிச்சையும் சேர்ந்ததையும், கவனமான துயர்தணிப்பை மட்டும் தந்ததையும் ஏபிசி-06 ஆய்வு ஒப்பிட்டது. இடைநிலை ஆயுள் 6.2 மாதம், 5.3 மாதம் என்று சிறிதளவே வேறுபட்டது. ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர், இரண்டாவதில் ஏறத்தாழ 11 பேர். இவை பலருடைய கணக்கைச் சேர்த்துப் பார்த்த எண்கள். உங்கள் அம்மாவின் நாட்கள் இத்தனை என்று இவற்றிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன: ஆய்வு, ஃபோல்ஃபாக்ஸ் மட்டும், கீமோ இல்லாமல் துயர்தணிப்பு. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர் தோற்றுப்போனவர் அல்லர். முதல் இரண்டைத் தேர்ந்தெடுப்பவருக்கும் வலி, அரிப்பு, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் துயர்தணிப்பு மருத்துவர் முதல் நாளிலிருந்தே உடன் இருக்க வேண்டும். "துயர்தணிப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. அந்த மருத்துவரின் உதவியால் நன்றாக உண்டு உறங்குபவர்கள்தான் கீமோவையும் நன்றாகத் தாங்குகிறார்கள்.

நான் அம்மாவின் ஸ்கேனையோ இரத்த அறிக்கைகளையோ பார்த்தவன் அல்லன். அதனால் ஆய்வில் சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ இங்கிருந்து சொல்வது முறையாகாது. நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால் ஆய்வின் அமைப்பு நேர்மையாகத் தெரிகிறது. மரபணுச் சோதனை முடிவு வந்து, அதில் குறிவைக்கத்தக்க மாற்றம் எதுவும் இல்லையென்றால், நான் உங்கள் மருத்துவராக இருந்திருந்தாலும் இந்த ஆய்வை அம்மாவின் முன் வைத்திருப்பேன்.

அம்மாவிடம் பேசுவது

அண்ணனும் நீங்களும் முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, அம்மாவின் முன் வாதாடாமல் இருங்கள். மருத்துவரிடம் போய், "சொல்ல வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம், அதை இப்போது திரும்பப் பெறுகிறோம்" என்று சொல்லுங்கள். அவர் நிம்மதியாக மூச்சுவிடுவார். விரும்பினால் அவரையே உடன் வைத்துக்கொண்டு பேசலாம். பலர் வந்துபோகும் நேரத்தைத் தவிர்த்து, அம்மாவுக்கு வலி குறைந்து உடம்பு இலேசாக இருக்கும் ஒரு நேரத்தைப் பாருங்கள்.

எடுத்த எடுப்பில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். "அம்மா, உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள்; அந்த மௌனம் எவ்வளவு நீண்டாலும் நீங்கள் இட்டு நிரப்பாதீர்கள். அவர் எங்கே நிற்கிறார் என்பதை அவரே காட்டுவார். அடுத்து, "டாக்டர் சொன்னதையெல்லாம் உங்களிடம் சொல்லட்டுமா, அல்லது எங்களோடு பேசிக்கொண்டால் போதுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதும் அவருடைய உரிமைதான். முழுவதும் கேட்க விரும்பவில்லை என்று அவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். ஆனால் அப்போது ஆய்வில் சேர இயலாது, ஃபோல்ஃபாக்ஸைப் பற்றி மட்டும் மருத்துவரோடு பேச வேண்டியிருக்கும். கேட்கிறேன் என்று சொன்னால், கட்டியின் பெயரையும், முந்தைய மருந்து இப்போது வேலை செய்யவில்லை என்பதையும், இனி மூன்று வழிகள் இருக்கின்றன என்பதையும் ஒவ்வொன்றாக, அவர் போதும் என்னும் இடம் வரை சொல்லுங்கள். அவர் அழலாம். இத்தனை நாள் ஏன் மறைத்தாய் என்று உங்களைக் கோபிக்கலாம். அப்போது காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல், "பயந்துவிட்டேன் அம்மா" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கே படிவத்தை எடுக்காதீர்கள். இரண்டு வாரம் போதாது என்று தோன்றினால் இன்னும் சில நாட்கள் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படிப்பது அம்மாவின் உரிமை. அதை அவருக்கு நீங்கள் உரக்கப் படித்துக் காட்டலாம். புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், மருத்துவரிடம் கேள்விகளை அவரே கேட்கட்டும்.